உங்கள் போன் யாருக்குச் சொல்கிறது? அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

"யாரோ என் போனை ஹேக் பண்ணிட்டாங்க" என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல விதமான கோளாறுகள் ஒளிந்திருக்கும். விளம்பரம் துரத்துவது ஒன்று. வீட்டில் யாரோ வாட்ஸ்அப்பைப் படிப்பது வேறொன்று. உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதுச் சிம் வாங்கியிருப்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஃபேக்டரி ரீசெட் போட்டு, போட்டோக்களையும் பறிகொடுத்து, கோளாறு மட்டும் அப்படியே இருக்கும் போன்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒரு போனை அடையாளம் காட்டும் எண்கள் பல. ஐஎம்இஐ கருவியின் எண். 15 இலக்கங்களில் முதல் 8 மாடலைச் சொல்லும், அடுத்த 6 அந்தக் கருவியின் வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு வரும். ஐஎம்எஸ்ஐ சிம்முக்குள் இருப்பது. இந்தியச் சிம் என்றால் 404 அல்லது 405-ல் தொடங்கும். இவை இரண்டும் நெட்வொர்க் கம்பெனிக்குத் தெரிந்தே ஆக வேண்டியவை, உங்கள் கையில் இல்லை. வைஃபையில் சேரும்போது போன் தன்னை அடையாளம் காட்டும் மேக் முகவரி பாதி உங்கள் கையில். யாருக்கு எந்த விளம்பரம் காட்டலாம் என்று ஆப்கள் பார்க்கும் விளம்பர ஐடி முழுக்க உங்கள் கையில். இவை தவிர, ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று ஒரு ஆண்ட்ராய்டு ஐடியை வாங்கி வைத்துக்கொள்கிறது. உங்கள் கோளாறு இவற்றில் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மெனுவின் பெயர்கள் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். நான் சொல்லும் இடத்தில் இல்லையென்றால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் அந்தச் சொல்லைத் தட்டிப் பாருங்கள்.

"பேசியது அப்படியே விளம்பரமாக வருகிறது"

ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது, படுக்கப் போவதற்குள் ஃபிரிட்ஜ் விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி டாஷ்போர்டு இருக்கும். அதில் மைக்ரோஃபோனைத் தொட்டால் கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு மைக்கைத் திறந்தது என்று வரிசையாகக் காட்டும். ஐபோனில் இதற்கு ஆப் பிரைவசி ரிப்போர்ட் என்று பெயர். முதலில் அதை ஆன் செய்ய வேண்டும், பிறகு ஏழு நாள் விவரம் சேரும். மைக் திறந்திருக்கும் நேரத்தில் ஆண்ட்ராய்டில் திரையின் வலது மேல் மூலையில் பச்சை அடையாளமும், ஐபோனில் ஆரஞ்சுப் புள்ளியும் தெரியும். நீங்கள் எதுவும் பேசாத, எதுவும் பதிவு செய்யாத நேரத்தில் ஏதாவது ஆப் மைக்கைத் தொட்டிருந்தால் அதன் பெர்மிஷனை அங்கேயே பிடுங்கிவிடுங்கள்.

இன்னும் சந்தேகமா? ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுக்கும் பேனலில் "மைக் ஆக்சஸ்" என்று ஒரு பொத்தானைச் சேர்த்துக்கொள்ளலாம். அதை அணைத்தால் எந்த ஆப்புக்கும் சத்தம் போகாது. கால் பேச வேண்டி வந்தால் திறக்கச் சொல்லிக் கேட்கும். இரண்டு நாள் அணைத்து வைத்து, அதே மாதிரிப் பேச்சுகளைப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் விளம்பரம் அப்போதும் வரும்.

ஏன் வருகிறது என்பதுதான் விஷயம். வீட்டில் எல்லோரும் ஒரே வைஃபையில் இருக்கிறீர்கள். வெளியுலகுக்கு அந்த வீட்டுக்கு ஒரே ஐபி முகவரி. உங்கள் மனைவியோ மகனோ ஃபிரிட்ஜ் விலையைத் தேடியிருந்தால் அதே வீட்டில் இருக்கும் உங்கள் போனுக்கும் அந்த விளம்பரத்தைக் காட்டிப் பார்ப்பது லாபம். நீங்கள் பேசியதற்குக் காரணமும் அவர்கள் தேடியதற்குக் காரணமும் ஒன்றே: பழைய ஃபிரிட்ஜ் மக்கர் செய்கிறது.

2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்தார்கள். திருட்டுத்தனமாக மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பிய ஆப் எதுவும் சிக்கவில்லை. திரையில் நடப்பதைப் படமாகவும் வீடியோவாகவும் வெளியே அனுப்பிய சில ஆப்கள் சிக்கின! அதற்கு பெர்மிஷன் கேட்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, ஆப் தன் சொந்தத் திரையைப் பதிவு செய்வதை எதுவும் தடுப்பதில்லை.

மைக் கதை முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. சில்வர்புஷ் என்ற இந்திய நிறுவனம், டிவி விளம்பரத்தில் மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியைச் சேர்த்து, போனில் இருக்கும் ஆப் மைக் வழியாக அதைப் பிடிக்கும்படி ஒரு நிரலை உருவாக்கியது. எந்த வீட்டு டிவியில் எந்த விளம்பரம் ஓடியது என்று தெரிந்துகொள்ளத்தான். 2016 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி, அந்த நிரலைப் பயன்படுத்திய 12 ஆப் உருவாக்குநர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்கள் 234 ஆப்களில் அந்த நிரலைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய போனில் இதைச் செய்தால் பச்சை அடையாளம் எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். பழைய ஆண்ட்ராய்டு 9, 10 போன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. டார்ச் ஆப்புக்கும் கேம் ஆப்புக்கும் மைக் பெர்மிஷன் கொடுக்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு ஒரே காவல்.

"விளம்பர ஐடியை அழித்தேன், விளம்பரம் நிற்கவில்லை"

முதலில் அழிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்று போனால் "ரீசெட்", "டிலீட்" இரண்டும் இருக்கும். ரீசெட் புது எண் தரும். டிலீட் செய்தால் கேட்கும் ஆப்புகளுக்கெல்லாம் வெறும் பூஜ்யங்களாகப் போகும். டிலீட் போதும், புது எண் எதற்கு? ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிராக்கிங் என்ற இடத்தில் "ஆப்கள் கேட்பதையே அனுமதிக்காதே" என்று அணைத்துவிடலாம். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல் எந்த ஆப்பும் கேட்காமல் அந்த எண்ணை எடுக்க முடியாது.

இதைச் செய்த பிறகு விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. அவை உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல வருவதுதான் குறையும். அதுவும் குறையவில்லையென்றால், எண்ணை விடுங்கள், லாகினைப் பாருங்கள். கூகுள் கணக்கிலும் பேஸ்புக்கிலும் நுழைந்திருக்கும் வரை அவர்களுக்கு விளம்பர ஐடியே தேவையில்லை, உங்கள் பெயரே தெரியும். ஜவுளிக்கடை பில் கவுன்ட்டரில் கேட்டதும் கொடுத்த போன் நம்பரை அந்தக் கடை விளம்பர நிறுவனத்திடம் ஏற்றி, "இவர்களுக்குக் காட்டு" என்று சொல்ல முடியும். இந்த வழியை அடைக்க கூகுள் கணக்கின் மை ஆட் சென்டரில் பெர்சனலைஸ்டு ஆட்ஸை அணையுங்கள், பேஸ்புக்கின் அக்கவுன்ட்ஸ் சென்டரில் ஆட் பிரிஃபரன்ஸஸைத் திறந்து பாருங்கள். கடையில் நம்பர் கேட்டால் "வேண்டாம், பில் மட்டும் கொடுங்க" என்று சொல்லலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

"லாக் ஸ்கிரீனிலும், போனின் சொந்த ஆப்களிலும் விளம்பரம்"

இது வைரஸ் இல்லை, போனோடு சேர்ந்து வந்த வியாபாரம். லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு படமும் செய்தியும் மாறி மாறி வந்தால் அது பெரும்பாலும் கிளான்ஸ் என்ற சேவை. லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸிலேயே அணைக்கலாம். ஷாவ்மி, ரெட்மி, போக்கோ போன்களில் எம்எஸ்ஏ என்று ஒரு சிஸ்டம் ஆப் உண்டு. செட்டிங்ஸில் "ஆத்தரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்" என்று தேடி எம்எஸ்ஏவை அணைத்தால், பத்து நொடி எண்ணிவிட்டு "ரிவோக் செய்ய முடியவில்லை" என்று சொல்லும். விடாமல் மறுபடி அழுத்துங்கள். நெட் ஆனில் இருக்க வேண்டும். மூன்றாவது நான்காவது தடவையில் மனம் இரங்கும்.

"லொகேஷனை அணைத்துவிட்டேன், இருந்தும் இருக்கும் இடம் தெரிகிறது"

எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. திருநெல்வேலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் "சென்னையில் இருக்கிறீர்கள்" என்று காட்டினால் அது ஐபி முகவரியை வைத்துப் போட்ட ஊகம். மொபைல் டேட்டா பல ஊர்க்காரர்களுக்கும் ஒரே பெரிய நகரத்தின் வழியாக வெளியே போவதால் இப்படி வரும். அதைத் தடுக்க, நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் தவிர வழியில்லை, தடுத்தே ஆக வேண்டிய அளவுக்கு அது பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் உங்கள் தெருப் பெயர் வந்தால் விஷயம் வேறு.

தெருவரை தெரிய ஜிபிஎஸ் வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களின் பட்டியல் போதும். எந்த ரவுட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற வரைபடம் பெரிய நிறுவனங்களிடம் ஏற்கெனவே உண்டு. இந்தியர்கள் தொடங்கிய விளம்பர நிறுவனமான இன்மொபி இந்த வழியைத்தான் பிடித்தது. லொகேஷன் வேண்டாம் என்று மறுத்தவர்களின் போனில்கூட, சுற்றியிருந்த வைஃபைகளை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டது என்று எஃப்டிசி குற்றம் சாட்டியது. 2016 ஜூனில் 9,50,000 டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது அந்த நிறுவனம். அதற்கு முன்பே, 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, லொகேஷன் பெர்மிஷன் இல்லாமல் வைஃபை ஸ்கேன் பட்டியலைக் கொடுக்காதபடி கதவை மூடியிருந்தது. புளூடூத் ஸ்பீக்கர் ஆப் சம்பந்தமே இல்லாமல் லொகேஷன் கேட்டதற்கும் இதே கதைதான் காரணம்: சுற்றியுள்ள புளூடூத் கருவிகளை வைத்தும் இடம் கண்டுபிடிக்கலாம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து அதற்குத் தனி பெர்மிஷன் வந்துவிட்டது, ஆகவே இன்றைக்கும் லொகேஷன் கேட்கும் ஸ்பீக்கர் ஆப்பைக் கொஞ்சம் முறைத்துப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை: லொகேஷன் செட்டிங்ஸுக்குள்ளேயே "வைஃபை ஸ்கேனிங்", "புளூடூத் ஸ்கேனிங்" என்று இரண்டு பொத்தான்கள் ஒளிந்திருக்கும். வைஃபையை அணைத்திருந்தாலும் இவை ஆனில் இருந்தால் போன் சுற்றுமுற்றும் முகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் அணையுங்கள். மழை வருமா என்று சொல்லும் ஆப்புக்கு உங்கள் வாசல்படி தெரிய வேண்டாம். "துல்லியமான லொகேஷன்" என்பதை நீக்கி ஊரளவில் கொடுங்கள். அப்புறம் கூகுள் கணக்கில் "வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி"யைத் தேடுங்கள். லொகேஷன் ஹிஸ்டரியை அணைத்தாலும் இந்த இரண்டாவது பொத்தான் இடத்தைச் சேமித்துக்கொண்டிருந்தது என்று 2018 ஆகஸ்டில் ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்டது. அதையொட்டிய வழக்கில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர 2022 நவம்பரில் கூகுள் ஒப்புக்கொண்டது.

டவர் விஷயத்தில் எந்தப் பொத்தானும் இல்லை. போன் ஆனில் இருந்து சிம்மும் உள்ளே இருந்தால் நீங்கள் எந்த டவரின் கீழ் இருக்கிறீர்கள் என்று கம்பெனிக்குத் தெரியும், தெரியாமல் கால் வராது. இந்தியாவில் கால் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தினார்கள். இதை எந்த ஆப்பும் மறைத்துத் தராது. மறைத்துத் தருவதாகச் சொல்லும் ஆப்பை நிறுவாதீர்கள்.

"ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் என்னைத் தெரிந்துகொள்கிறது"

புது ஆள் சலுகை கிடைக்குமா என்று பார்ப்பவர்கள்தான் இதை முதலில் கவனிக்கிறார்கள்! ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஆண்ட்ராய்டு ஐடி ஆப்புக்கு ஆப் வேறுபடும், ஆனால் ஒரே ஆப்புக்கு, அழித்து மறுபடி போட்டாலும், அதே எண்தான். போதாததற்கு கூகுள் பேக்கப் ஆனில் இருந்தால், ஆப் தன் பழைய குறிப்புகளை டிரைவிலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளும். ஐபோனில் கீசெயின் என்ற பெட்டகத்தில் ஆப் எழுதி வைத்தது, ஆப்பை நீக்கிய பிறகும் தங்கிவிடும்.

ஆண்ட்ராய்டில் ஃபேக்டரி ரீசெட் அடித்தால் ஆண்ட்ராய்டு ஐடி மாறும், விளம்பர ஐடியும் மாறும். ஐஎம்இஐ மாறாது, ஆனால் 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்களால் ஐஎம்இஐயைப் படிக்க முடியாது. அதனால் ரீசெட் ஓரளவுக்கு வேலை செய்யும். ஐபோனிலோ டிவைஸ்செக் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஆப் நிறுவனத்துக்கும் ஒரு போனுக்கு இரண்டே இரண்டு பிட் குறிப்பை ஆப்பிள் தன் சர்வரில் வைத்துக்கொள்ள விடுகிறது, போனைத் துடைத்தாலும் அது போகாது. "இந்த போன் சலுகையை வாங்கிவிட்டது" என்று குறிக்க அது போதும், நீங்கள் யார் என்று சொல்ல அது போதாது. நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

முன்பு நடந்ததோடு ஒப்பிட்டால் இது தெரியும். துடைத்த ஐபோனையும் அடையாளம் காணும் நிரலை ஊபர் தன் ஆப்புக்குள் வைத்திருந்தது, ஆப்பிள் கண்ணில் படாமலிருக்க ஆப்பிள் தலைமையகம் இருக்கும் வட்டாரத்தில் மட்டும் அதை மறைத்தது, ஆப்பிள் தலைவர் டிம் குக் 2015 தொடக்கத்தில் ஊபர் தலைவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார் என்று 2017-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

"வீட்டு வைஃபை திடீரென்று சேர்க்க மறுக்கிறது"

போனை அப்டேட் செய்த மறுநாள் இது நடந்தால் கோளாறு ரவுட்டரில் இல்லை. ஆண்ட்ராய்டு 10-ம் ஐஓஎஸ் 14-ம் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாகப் போலி ஒன்றைக் காட்டத் தொடங்கின, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொன்று. உங்கள் ரவுட்டரில் "இந்த மேக் முகவரிகளை மட்டும் விடு" என்று பட்டியல் போட்டு வைத்திருந்தால் புது முகவரி வாசலிலேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்கு இரவு ஒன்பது மணிக்கு நெட்டைக் கட் செய்ய ரவுட்டரில் நேரம் போட்டிருப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை: மேக் மாறியதும் ரவுட்டருக்கு அது வேறு ஆள். பிள்ளைகள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

போலி முகவரிதானா என்று தெரிந்துகொள்ள, முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் போன் தானாகப் புனைந்தது. வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டு, பிரைவசி அல்லது மேக் முகவரி வகை என்ற இடத்தில் "போன் மேக்" என்று மாற்றினால் சரியாகிவிடும். ஐபோனில் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" என்று இருக்கும். அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் மாற்றுங்கள். ரயில் நிலையத்திலும் மாலிலும் போலியே இருக்கட்டும்.

"என் மெசேஜை யாரோ படிக்கிறார்கள்"

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, போன் சூடாகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று வருடப் பேட்டரி தானாகவே அப்படித்தான் இருக்கும். நீங்கள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் உண்மையான அறிகுறி.

அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவராகவும், அவரைப் பார்த்து நீங்கள் பயப்படுபவராகவும் இருந்தால் இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். வேவு ஆப்பை நீக்கிய நொடியில் வைத்தவருக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு நடப்பது போனைவிடப் பெரிய பிரச்சினையாகலாம். வேறொருவரின் போனிலிருந்து 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு கை வையுங்கள். அந்த ஆப் சாட்சியமும்கூட.

பயமில்லை என்றால், எளிதானதிலிருந்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" திறங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டரோ பிரவுசரோ அங்கே உட்கார்ந்திருந்தால் தேடல் முடிந்தது. தொட்டு லாக் அவுட் செய்யுங்கள். போனை ஒரு நிமிடம் கையில் வாங்கி ஸ்கேன் செய்தால் போதும், எந்த ஆப்பும் வேண்டாம் என்பதால் நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான். அடுத்து கூகுள் கணக்கில் செக்யூரிட்டி, "யுவர் டிவைசஸ்". கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு "லொகேஷன் ஷேரிங்". இவை எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் வேவு ஆப்பைத் தேட வேண்டும்.

வேவு ஆப் ஐகானை மறைத்துக்கொள்ளும், "சிஸ்டம் சர்வீஸ்", "வைஃபை சிங்க்" போன்ற பெயரில் நடமாடும். அதைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், அதற்குத் தேவையான அதிகாரத்தை வைத்துத் தேடுங்கள். திரையில் இருப்பதைப் படிக்க அக்செசிபிலிட்டி வேண்டும். மெசேஜைப் பார்க்க நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் வேண்டும். நீக்க விடாமல் தடுக்க டிவைஸ் அட்மின் வேண்டும். செட்டிங்ஸில் இந்த மூன்று பெயர்களையும் தேடி, ஒவ்வொன்றிலும் ஆனில் இருப்பவை என்னென்ன என்று பாருங்கள். ஸ்மார்ட் வாட்ச் ஆப்போ, கண் தெரியாதவர்களுக்கான டாக்பேக்கோ இருந்தால் சரி. யார் என்றே தெரியாத ஒன்று இருந்தால் முதலில் டிவைஸ் அட்மினிலிருந்து இறக்கிவிட்டு, பிறகு நீக்குங்கள். பிளே ஸ்டோரில் கெட்ட ஆப்களைத் தேடிப் பிடிக்கும் பிளே ப்ரொடெக்ட் அணைந்து கிடந்து, நீங்கள் அதை அணைத்ததாக நினைவே இல்லையென்றால், யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஐபோனில் "செக்யூரிட்டி செக்" என்று தேடாதீர்கள், அதன் பெயர் "சேஃப்டி செக்". ஐஓஎஸ் 16-லிருந்து இருக்கிறது. யாரிடம் என்னென்ன பகிர்ந்திருக்கிறீர்கள் என்று ஒரே இடத்தில் காட்டி அறுத்துவிடும். எல்லாம் முடிந்ததும் ஸ்கிரீன் லாக் பின்னை மாற்றுங்கள். பின் தெரிந்தவர் கையில் போன் மறுபடி கிடைத்தால் மேலே செய்தது அத்தனையும் வீண்.

அரசுகளுக்கு விற்கப்படும் பெகாசஸ் வகை வேவு நிரல் இந்தப் பட்டியலில் சிக்காது. பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ எதிர்க்கட்சிக்காரரோ அல்லாத ஒருவர் அதற்காக இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து 5-ல் ஏதோ தீநிரல் இருந்ததாகச் சொன்னது, பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்தவில்லை. 2023 அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலருக்கு ஆப்பிளிடமிருந்து எச்சரிக்கை போனது. அப்படி உங்களுக்கு ஒன்று வந்தால் அதில் உள்ள எதையும் தொடாமல் பிரவுசரில் நீங்களாக ஆப்பிள் கணக்கில் நுழையுங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் பக்கத்தின் மேலேயே தெரியும். பிறகு, தாக்குதலுக்கு இடம் கொடுக்கும் வசதிகளை முடக்கும் லாக்டவுன் மோடை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு 16-ல் இதற்கு இணையானது அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷன்.

"சிக்னல் செத்துவிட்டது, ஓடிபி வரவில்லை"

பக்கத்தில் அதே நெட்வொர்க் வைத்திருப்பவருக்கு சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் சிம்மை வேறு போனில் மாட்டிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். வேறொரு போனிலிருந்து நெட்வொர்க் கம்பெனியைக் கூப்பிட்டு, "என் எண்ணுக்குப் புதுச் சிம் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்தச் சிம்மை முடக்கச் சொல்லிவிட்டு, அடுத்து வங்கி. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். புதுச் சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கும் விதி இந்தியாவில் உண்டு. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

சிக்னல் இருக்கிறது, கால் மட்டும் வருவதில்லை என்றால் கால் ஃபார்வர்டிங். *#21# அடித்தால் போன் ஒட்டுக்கேட்கப்படுகிறதா என்று தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தெரியாது. கால் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். *401*-ல் தொடங்கும் எண்ணை அடிக்க வைத்து ஓடிபி காலைத் திருப்பிக்கொண்ட மோசடிகளால், குறியீட்டை அடித்துத் திருப்பும் வசதியையே 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. சந்தேகம் இருந்தால் போன் ஆப்பின் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங்கைத் திறந்து எல்லாவற்றையும் அணையுங்கள்.

2ஜியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2ஜியில் போன் தன்னை டவரிடம் நிரூபிக்கும், டவர் தன்னை நிரூபிக்காது. போலி டவர் வைத்து ஐஎம்எஸ்ஐ பிடிப்பவர்களுக்கு அதுதான் ஓட்டை. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் உள்ள பல போன்களில் சிம் செட்டிங்ஸில் "அலோ 2ஜி" பொத்தான் உண்டு. நகரத்தில் அணைத்து வைக்கலாம். 2ஜி டவர் மட்டுமே எட்டும் ஊருக்குப் போனால் மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் போன் செத்துக் கிடக்கும்.

"என் காண்டாக்ட்களுக்குக் கடன் ஆப்காரன் போன் பண்ணுகிறான்"

பெர்மிஷனை இப்போது பிடுங்குவதால் போன பட்டியல் திரும்பி வராது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் ஆப் காண்டாக்ட், கால் லாக், கோப்புகள் எதையும் தொடக்கூடாது. தொட்டது என்றால் அதுவே புகாருக்குப் போதுமான காரணம். மிரட்டல் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930-ஐக் கூப்பிடுங்கள். ஆப்பை நீக்குவது அதற்குப் பிறகு.

"ஐஎம்இஐ வெறுமையாகக் காட்டுகிறது" அல்லது "மாற்றித் தருகிறேன் என்கிறார்கள்"

கம்பெனி தராத வேறு ஆண்ட்ராய்டை, அதாவது கஸ்டம் ரோமை, ஏற்றியபோது அந்த எண் இருக்கும் பகுதி கெட்டுப்போனால் "இன்வேலிட் ஐஎம்இஐ" என்று வரும், நெட்வொர்க் ஏறாது. பெட்டியோடும் பில்லோடும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், பழைய எண்ணையே எழுதித் தருவார்கள். டிராக்கிங்கிலிருந்து தப்பிக்க வேறு எண் எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பயனும் இல்லை: சிம் உங்கள் பெயரில்தானே இருக்கிறது?

பழைய போன் வாங்குவதற்கு முன் *#06# அடித்து வரும் எண்ணை, ஆங்கிலத்தில் கே-ஒய்-எம் என்று தட்டி இடைவெளி விட்டு அதன் பின்னால் சேர்த்து, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். "பிளாக்லிஸ்ட்", "டூப்ளிகேட்", "ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டூப்ளிகேட் என்பது சும்மா வரும் சொல் இல்லை. 2020-ல் மீரட் போலீஸ் ஒரே ஐஎம்இஐயில் 13,000-க்கு மேற்பட்ட போன்கள் ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள்.

தொலைந்த போனை முடக்க முதலில் போலீஸ் புகார், பிறகு அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம், அதற்குப் பிறகு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயைக் கொடுத்து பிளாக். ஓடிபி அந்த டூப்ளிகேட் சிம்முக்குத்தான் வரும் என்பதால் வரிசை மாறினால் நடக்காது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். இதற்கென்று ஆப்பும் உண்டு. எல்லாப் புது போன்களிலும் அதை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ல் அரசே அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. கால் லாக்கும் எஸ்எம்எஸ்ஸும் கேட்கும் ஆப்பை இதற்காகப் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிரவுசரில் தளத்தைத் திறந்தாலே இந்த வேலைகள் நடக்கும்.

உங்கள் போனை விற்கும்போது கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, இசிம் இருந்தால் அதையும் நீக்கி, பிறகு ரீசெட் போடுங்கள். வாங்குபவரிடம் இரண்டு ஐஎம்இஐயும் தேதியும் நேரமும் எழுதி ஒரு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஐஎம்இஐயில் உங்கள் சிம் ஓடியது கம்பெனிப் பதிவில் இருக்கும், நாளை அந்த போன் ஏதாவது வழக்கில் சிக்கினால் முதல் விசாரணை உங்களிடம்தான் வரும்.